சென்ட்ரலையும் வரைபடத்தில் போடுங்கள்: குண்டளை ரயில் நினைவிடக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1924 வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலுக்கு நினைவிடம் அமைக்கத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கும் குழுவின் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தீர்கள். மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற கொட்டகுடியையும் திட்டத்தில் சேருங்கள் என்று கேட்டேன். நான் பேசி முடித்ததும் மேடையிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "கொட்டகுடி வேறு மாநிலம், அது எங்கள் திட்டத்தில் வராது." உடனே அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அந்த ஒரு வரியைக் கேட்டுக்கொண்டு சும்மா வீட்டுக்குப் போய்ப் படுக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் ஊரறிய இதை எழுதுகிறேன்.

சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். மூணாறில் ஒரு சிவப்புப் புள்ளி. அங்கிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை என்று கோடு ஏறிப்போய் டாப் ஸ்டேஷனில் இன்னொரு புள்ளியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கிழக்கே வெறும் வெள்ளைத் தாள். மலையேறிய ரயில் காட்டு விளிம்பில், கீழே பார்த்தால் தலைசுற்றுகிற பள்ளத்தின் ஓரத்தில் எதற்காகப் போய் நின்றது? அந்தக் கேள்விக்கு விடை அந்த வெள்ளைத் தாளில்தான் இருக்கிறது.

அந்த ரயில் வேடிக்கை பார்க்கப் போட்டது அல்ல. தேயிலைப் பெட்டியைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்டது. 1877-இல் பூஞ்சாறு அரசரிடம் மன்றோ துரை கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1880-இல் ஷார்ப் துரை பார்வதி எஸ்டேட்டில் முதல் தேயிலையை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. இவ்வளவையும் உங்கள் பலகையின் வரைவில் அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு பிழையும் இல்லை. ஆனால் மலையில் விளைந்த தேயிலை லண்டன் போக வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் அதற்கு வழி கிழக்கே இருந்தது. மூணாறிலிருந்து ரயிலில் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் ரோப்வேயில் தொங்கிக்கொண்டே இறங்கினால் கொட்டகுடி. அதைப் பாட்டம் ஸ்டேஷன் என்றார்கள். கொட்டகுடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். பிறகு தூத்துக்குடித் துறைமுகம், கப்பல். மேலே ஒரு ஸ்டேஷன் இருந்ததால்தான் அதற்கு 'டாப்' என்று பெயர். கீழே ஒன்று இருந்ததால்தான் மேலே இருந்ததற்கு அந்தப் பெயரே தேவைப்பட்டது. பாட்டம் ஸ்டேஷனை விட்டுவிட்டு டாப் ஸ்டேஷனின் கதையைச் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு ஊர் உண்டு. அதற்குப் பெயரே சென்ட்ரல். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறவர்கள் இளைப்பாறுகிற ஊர். கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. ரோப்வே கம்பி அறுந்து, தூண் விழுந்து, இரும்பு எல்லாம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்த பிறகும், அங்கே குடியிருக்கிற சனங்களுக்கு ஊர்ப் பெயர் இன்னும் 'சென்ட்ரல்'தான். குரங்கணியிலிருந்து சாலை வேண்டும் என்று அவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் தேயிலைப் பெட்டி அந்தரத்தில் பறந்துபோன ஊரில், காய்ச்சல் கண்டவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது. உங்கள் வரைபடத்தில் அந்த ஊருக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

நான் யார் என்று கேட்பீர்கள். போடியில் ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்தவன். பிறந்தது, பத்து வயது வரை வளர்ந்தது எல்லாம் மேலே, குண்டளைப் பக்கத்து எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். என் அப்பாவின் தாத்தா கங்காணி கூட்டி வந்த ஆட்களில் ஒருவராகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இந்தப் போடி வழியாகத்தான் மலையேறினார். ரயில் பாதைக்குக் கல் உடைத்தவர் அவர். அவர் மகன், என் தாத்தா, டாப் ஸ்டேஷனில் பெட்டி மாற்றுகிற வேலைக்குப் போனார். ரயிலிலிருந்து இறக்கி ரோப்வேயில் ஏற்றுகிற வேலை. இதை நான் எந்த ஆவணத்திலும் படிக்கவில்லை. என் அப்பத்தா சொல்லி வளர்ந்தவன் நான்.

அந்த ரயிலே இரண்டு பிறவி எடுத்தது. 1902-இல் முதலில் வந்தது ஒற்றைத் தண்டவாளம். சாலையோரத்தில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சின்னச் சக்கரங்கள் அதன் மேல் உருளும், பாரத்தின் பெரும்பகுதி அதில்தான். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருண்டு, வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தது இன்ஜின் அல்ல, காளை மாடு. மலைச்சரிவில், மழையில், ஒற்றைத் தண்டவாளத்தில் நிற்கிற பார வண்டியை மாடு மிரளாமல் ஓட்டிப்போவது என்றால் அதற்கு எப்பேர்ப்பட்ட கை வேண்டும் என்று வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கை யாருடையது என்று உங்கள் பலகையில் இல்லை. 'எவிங் முறை' என்று கண்டுபிடித்த துரையின் பெயர் மட்டும் இருக்கிறது. இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவனுக்கும் பக்கத்தில் ஒரு வரி கொடுங்கள் என்கிறேன்.

1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி இன்ஜின் ஓட்டினார்கள். டார்ஜிலிங் மலை ரயிலும் அதே இரண்டடிதான். அது 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. நம் ஊட்டி ரயில் 2005-இல் ஏறியது. பாட்டியாலாவில் 1907-இல் இதே எவிங் முறையில் ஓடிய வண்டியின் இன்ஜினைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்து டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் ஓடுகிற நிலையில் வைத்தார்கள். நமக்கு மிஞ்சியது என்ன? மூணாறு ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக நிற்கிறது. நடைமேடை இருந்த இடம் சாலைக்குள் போய்விட்டது. தேயிலை அருங்காட்சியகத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. மிச்சமெல்லாம் புல்லுக்கும் புதருக்கும் அடியில். இவ்வளவு கொஞ்சமாக மிஞ்சியிருக்கும்போது, இருப்பதில் பாதியை 'வேறு மாநிலம்' என்று தள்ளிவிடுவது எப்படி நியாயம்?

எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எல்லை என்னவோ 1956-இல்தான் முளைத்தது போல இருக்கிறது. அந்த ரயில் ஓடிய நாளிலும் அங்கே எல்லை இருந்தது. மேலே திருவிதாங்கூர் மகாராஜாவின் சமஸ்தானம். கீழே வெள்ளைக்காரனின் சென்னை மாகாணம். சட்டம் வேறு, வரி வேறு, போலீஸ் வேறு. அத்தனையும் வேறாக இருந்தும் ஒரு தேயிலைக் கம்பெனி இரண்டு அரசாங்கத்தோடும் பேசி, எல்லைக்கு மேலே கம்பி கட்டிப் பெட்டியை இறக்கியது. லாபத்துக்காக அவர்களால் முடிந்தது. ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களுக்கு ஒரு பலகை நடுவதற்கு முடியாதா?

வெள்ளத்தைப் பற்றி உங்கள் வரைவில் இரண்டு வரி: "1924 வெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது. பின்னர் மீட்கப்படவில்லை." உண்மைதான். மலையாள ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றுதான் இன்றைக்கும் பெயர். ஜூலையில், ஆடி பிறந்த கையோடு, மழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் விடவில்லை. மலை சரிந்து ஆற்றை மறித்து, தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு மூணாறு மேல் விழுந்தது. பழைய ஊர் போயிற்று, பாலங்கள் போயின, ரயிலும் போயிற்று. அப்பத்தாவுக்கு அப்போது பத்து வயது. மழை விட்ட பிறகு அவள் அய்யாவோடு பாதையைப் பார்க்கப் போயிருக்கிறாள். "மண்ணு பூராம் அரிச்சுட்டுப் போயிருச்சுய்யா. ரயிலு போன தடத்தையே காணோம். தண்டவாளம் மட்டும், கொடியில துணி காயப்போடுவோம்ல, அந்தக் கொடி மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா அந்தரத்துல தொங்குச்சு. கட்டை ஒண்ணு ரெண்டு அதுல ஒட்டிக்கிட்டு ஆடுச்சு" என்பாள். சாகிறவரைக்கும் ஈரத்துணி காயப்போடும்போது இதைச் சொல்வாள்.

எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. "பெரட்டுக் களத்துல பேரு கூப்பிட்டாக. பதில் வராத பேரு நெறைய இருந்துச்சு." அவ்வளவுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போனபோது எழுபது உயிர் போயிற்று. பலருக்குப் பூர்விகம் கயத்தாறு. அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் பத்திரிகையில் படித்து அழுதோம். 1924-இல் போன தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு பெயர்ப் பட்டியலை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. 2024-இல் நூறு ஆண்டு நிறைந்தது. அந்தத் தடத்தில் அவர்களுக்காக ஒரு கல் நட்டதையும் நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு ரயில் வரவில்லை. 1935-இல் மேற்கே நேரியமங்கலம் பாலம் திறந்தது. கொச்சிப் பக்கம் சாலை வசதியானதும் தேயிலை முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டது. ஆனால் சனங்கள் திருப்பிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கும் சித்திரைக்கும் எங்கள் லயமே அந்தப் பழைய ரோப்வே பாதையில்தான் இறங்கும். அப்பா முன்னே, தலையில் தகரப்பெட்டி. நான் பின்னால். டாப் ஸ்டேஷனைத் தாண்டிச் சரிவில் இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கல் மேடை உண்டு, ரோப்வே தூண் நின்ற இடம். மேடையின் நாலு மூலையிலும் கட்டைவிரல் தடிமனில் நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே மறை தேய்ந்து மழுங்கி, கீழே துருவில் கல்லோடு கல்லாகிப் போயிருக்கும். அப்பா பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டு, "உங்க தாத்தன் ஏத்திவிட்ட பெட்டியெல்லாம் இது மேலதான்டா போச்சு" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் அண்ணாந்து பார்ப்பேன். மேலே ஒன்றும் இருக்காது, மேகம்தான் இருக்கும்.

போன மாசி மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். மேடை உடைந்து கிடந்தது. போல்ட் நாலையும் யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள், வெட்டு வாய் இன்னும் பளபளவென்று இருந்தது. நாலு போல்ட்டுக்குப் பழைய இரும்புக் கடையில் என்ன கிடைத்திருக்கும்? யார் செய்தது என்று எனக்குத் தெரியாது, யார் மேலும் பழி போடவும் இல்லை. ஆனால் அந்த மேடை எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அது உடைந்ததும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. நீங்கள் கொட்டகுடியை விட்டுவிடும் ஒவ்வொரு மாதமும் இப்படி ஒன்று போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் படித்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. முழ நீளம். வாத்தியார் கம்பியால் அடிப்பார், ஓசை அடுத்த டிவிஷன் வரை கேட்கும். ரயில் போன பிறகு ஆற்றிலிருந்து எடுத்து வந்த துண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பின்னாளில் அங்கே மின்மணி வந்தது, துண்டு பழைய இரும்போடு போயிற்று. தெரிந்த ஆள் ஒருவர் சொல்லி, போடியில் ஒரு கடையில் அதைப் பார்த்து எடை போட்டு வாங்கி வந்தேன். கம்பி பட்டுப் பட்டு ஒரு பக்கம் குழிந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. இப்போது என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. பெரியவர்கள் சொன்னது போல அது குண்டளைத் தண்டவாளம்தானா என்று விவரம் அறிந்தவர்கள் அளந்து பார்த்துச் சொல்லட்டும். அப்படியென்றால் நினைவிடத்துக்குத் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து 'ரயில் பாகம்' என்று எழுதக் கூடாது. பிள்ளைகள் அடித்துப் பார்க்கும்படி தொங்கவிட வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

வரைவை மேலே அனுப்புவதற்கு முன், கொட்டகுடி, சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் மூன்றையும் ரோப்வே தடத்தையும் வரைபடத்தில் சேருங்கள். கீழ்ப்பகுதியின் பொறுப்பு உங்களுடையது இல்லை என்றால், தேனி மாவட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கடிதம் அனுப்பி, கூட்டாக ஒரு குழு கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலைப் பொதுமக்கள் பார்க்க வையுங்கள். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் நின்றுபோன போடிக்கு 2023 ஜூனில் அகல ரயில் வந்துவிட்டது. தேயிலை போன வழியில் பார்க்க வருகிறவர்கள் இனி போடியில் வந்து இறங்கலாம். கீழிருந்து மேலே போகிற கதையாகவும் இதைச் சொல்லலாம்.

புதிதாகக் கட்டுவது எதுவானாலும், அதற்கு முன்னால் மிஞ்சியிருக்கிற ஒவ்வொரு கல் மேடையையும், பாலத்துக் காலையும், மண்கரையையும் நடந்து பார்த்து, படமெடுத்து, பட்டியல் போடுங்கள். குரங்கணிக் காட்டில் 2018 மார்ச்சில் தீயில் சிக்கி இருபத்து மூன்று பேர் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே வனத்துறை அனுமதியோடும் உள்ளூர் ஆள் துணையோடும் மட்டும் போங்கள். அந்தக் காட்டுக்குள் கான்கிரீட்டோ புதுத் தண்டவாளமோ நாங்கள் கேட்கவில்லை.

பலகையைத் தமிழிலும் எழுதுங்கள். மலையாளம், ஆங்கிலம் இரண்டும் இருக்கட்டும். ஆனால் அந்தப் பாதையைப் போட்டவர்கள், மாட்டை ஓட்டியவர்கள், பெட்டி சுமந்தவர்கள் வாயில் இருந்த மொழி பலகையில் இல்லாமல் போகக் கூடாது. அவர்கள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணி மூலம் வந்தவர்கள் என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். 1924-இல் இறந்த தொழிலாளர்களின் பெயர் பழைய செக்ரோல்களில், அதாவது எஸ்டேட் ஆள் பதிவேடுகளில், இருக்கக்கூடும். அந்த ஏடுகள் யார் கையில் இருந்தாலும் பார்வைக்குத் தரும்படி உங்கள் குழுவின் பெயரிலேயே எழுதிக் கேளுங்கள். கிடைக்கிற பெயர்களைக் கல்லில் வெட்டுங்கள். ஒரு பெயர்தான் கிடைத்தது என்றால் அந்த ஒன்றையாவது வெட்டுங்கள்.

கடைசியாக, அந்தக் கதையைத் தாய் தகப்பன் வாயால் கேட்டவர்கள் லயங்களிலும் போடிப் பக்கத்து ஊர்களிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபது, எண்பதைத் தாண்டியவர்கள். மூன்று நிமிடத்தில் அவர்களால் சொல்லி முடிக்க முடியாது. ஒரு ஆளை அனுப்பி, உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். வீடுவீடாகக் கூட்டிப்போக நான் தயார்.

எந்த நாள் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். குரங்கணி வரை பஸ் இருக்கிறது. அதற்கு மேல் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
டாப் ஸ்டேஷனில் பெட்டி ஏற்றியவரின் பேரன்,
போடிநாயக்கனூர்